பத்து வாட் வெப்பம் சொன்ன சேதி

படிவம் 5 இயற்பியலில் மின்சாரம் பற்றிய பாடம் வரும்போது மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுப்பேன். ஒரு கம்பி இணைப்பில் 7,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அந்த இணைப்பின் மின்தடை 220 நேனோ ஓம். அதாவது, ஓர் ஓமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் 220 பங்கு. அங்கே எவ்வளவு வெப்பம் உண்டாகும்?

மின்னோட்டத்தை வர்க்கப்படுத்தி, மின்தடையால் பெருக்கினால் போதும். விடை 10.78 வாட். "இவ்வளவுதானா டீச்சர்? எங்கள் வீட்டு வாசல் விளக்கே இதற்கு மேல் இருக்குமே" என்று பின் வரிசையில் இருந்து ஒரு குரல் வரும்.

இவ்வளவுதான். ஆனால் இந்தப் பத்து வாட் வெப்பம் தோன்றிய சில நாள்களில், உலகின் மிகப் பெரிய இயந்திரம் பழுதாகி 14 மாதங்கள் நின்று போனது. அந்த வெப்பத்தின் தடயம் முன்கூட்டியே கணினியில் பதிவாகி இருந்தது. அப்போது அதைத் தேடிப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. நான் சொல்ல வருவது அந்தப் பதிவின் கதையைத்தான்.

பூமிக்கடியில் ஒரு வளையம்

துகள் முடுக்கி என்றதும் மிரள வேண்டியதில்லை. பழைய பெட்டித் தொலைக்காட்சியின் படக்குழாய்கூட ஒரு சிறு முடுக்கிதான். எலெக்ட்ரானை வேகப்படுத்தித் திரையில் மோத வைத்தது அது. மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் இயந்திரத்திலும் முடுக்கி இருக்கிறது. நம் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்திலும் எலெக்ட்ரான் கற்றை இயந்திரம் இயங்குகிறது.

இவற்றில் எல்லாம் பெரியது, சுவிட்சர்லாந்து - பிரான்சு எல்லையில் செர்ன் ஆய்வகம் நடத்தும் எல்.எச்.சி. முடுக்கி. தரைக்குக் கீழே சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். புரோட்டான்கள் அந்த வளையத்தை ஒரு விநாடியில் 11,245 முறை சுற்றுகின்றன. அவற்றை வளைத்து வளையத்துக்குள் வைத்திருக்க 1,232 பெரிய காந்தங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம்.

சாதாரணச் செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ச்சினால் கம்பி உருகிவிடும். ஆகவே மீக்கடத்திக் கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். திரவ ஹீலியத்தால் கழித்தல் 271 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால் அந்தக் கம்பியின் மின்தடை சுழியம் ஆகிவிடும். ஆனால் ஒரு காந்தத்தின் கம்பியை அடுத்த காந்தத்தின் கம்பியோடு பற்றாசு வைத்து ஒட்டித்தானே ஆக வேண்டும்? அப்படிப்பட்ட இணைப்புகள் வளையம் முழுவதும் 10,000க்கும் மேல். ஒழுங்காக ஒட்டிய இணைப்பின் மின்தடை ஒரு நேனோ ஓமுக்கும் குறைவு. 7,000 ஆம்பியரில் அதில் பிறக்கும் வெப்பம் 0.05 வாட்டைத் தாண்டாது.

2008 செப்டம்பர் 19

அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி எல்.எச்.சி.யில் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை சுற்றி வந்தது. உலகமே கைதட்டியது. ஒன்பது நாள் கழித்து, வளையத்தின் எட்டுப் பகுதிகளில் ஒன்றில் மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்திச் சோதித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது கற்றை எதுவும் உள்ளே இல்லை. 8,700 ஆம்பியரைத் தொட்டபோது இரண்டு காந்தங்களுக்கு இடையிலிருந்த ஓர் இணைப்பு மீக்கடத்தும் தன்மையை இழந்தது. ஒரு விநாடிக்குள் இணைப்பு உருகி, மின்பொறி கிளம்பி, ஹீலியம் இருந்த உறையைத் துளைத்தது. திரவ ஹீலியம் ஆவியாகி விரிந்த வேகத்தில், டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் தாங்கிகளைவிட்டு நகர்ந்தன. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது. சுரங்கத்தில் அப்போது ஆள் இல்லாததால் யாருக்கும் காயமில்லை.

53 காந்தங்களை மேலே கொண்டுவந்து பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டியிருந்தது. மீண்டும் கற்றை சுற்றியது 2009 நவம்பர் 20ஆம் தேதிதான்.

விசாரணைக் குழுவினர் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். விபத்துக்குச் சில நாள் முன்பு இதே பகுதியில் 7,000 ஆம்பியர் வரை மின்னோட்டம் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அன்றைய குளிரூட்டிப் பதிவுகளில், அந்த இடத்தைச் சுற்றி வெப்பம் மிகச் சிறிதளவு கூடியிருந்தது தெரிந்தது. உயர்வு ஒரு பாகையின் நூறில் சில பங்குதான். அதிலிருந்து கணக்கிட்டபோது, கூடுதலாக ஏறத்தாழ 10.7 வாட் வெப்பம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. அந்த வெப்பத்துக்குரிய மின்தடைதான் நம் வகுப்புக் கணக்கில் வரும் 220 நேனோ ஓம்.

அதோடு நிற்கவில்லை. இதே முறையில் மற்றப் பகுதிகளின் பதிவுகளையும் அலசினார்கள். வேறு இரண்டு பகுதிகளில் காந்தங்களுக்கு உள்ளேயே இருந்த இரண்டு மோசமான இணைப்புகள் பிடிபட்டன. ஒன்று ஏறத்தாழ 100 நேனோ ஓம், மற்றொன்று அதில் பாதி. அந்தக் காந்தங்களையும் கழற்றி மாற்றினார்கள். அடுத்த விபத்து எதுவும் நடக்கும் முன்பே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு, இணைப்புகளின் மின்தடையை இடைவிடாமல் கண்காணிக்கும் புதிய பாதுகாப்புக் கருவிகளும் வளையம் முழுவதும் பொருத்தப்பட்டன.

ஆண்டுக்கு ஒன்று, நாளுக்கு இரண்டரை

முடுக்கியில் நடப்பதை எல்லாம் பதிவு செய்யும் ஏற்பாட்டை செர்ன் 2003ஆம் ஆண்டு முதலே வைத்திருந்தது. காந்தங்களின் வெப்பநிலை, மின்னோட்டம், வெற்றிடத்தின் அளவு, கற்றையின் இருப்பிடம், வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது வரை எல்லாம் அதில் சேரும். தொடங்கியபோது ஆண்டுக்கு ஒரு டெராபைட் தரவு வரும் என்று எதிர்பார்த்தார்கள். இன்று கணினிக் கடையில் கிடைக்கும் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றின் அளவுதான் அது.

நடந்தது வேறு. கருவிகள் பெருகின. ஒவ்வொரு கருவியும் அடிக்கடி அளக்கத் தொடங்கியது. காலப்போக்கில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட சமிக்ஞைகளில் இருந்து நாளொன்றுக்கு 2.5 டெராபைட் வந்து குவிந்தது. எதிர்பார்த்ததைவிட 900 மடங்குக்கு மேல். பொறியாளர்களும் ஆய்வாளர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல் அதைப் பயன்படுத்தினார்கள். நாள்தோறும் சராசரியாக 50 லட்சம் முறை அந்தக் கிடங்கிடம் தரவு கேட்கப்பட்டது. விநாடிக்கு ஏறத்தாழ 58 கேள்விகள்!

அந்தப் பழைய கிடங்கு ஆரக்கிள் தரவுத்தளத்தின் மேல் கட்டப்பட்டது. சேமித்து வைக்கும் வேலையை அது நன்றாகவே செய்தது. 'நேற்றுக் காலை 10 மணிக்கு இந்தக் காந்தத்தின் வெப்பநிலை என்ன?' என்றால் உடனே சொல்லும். 'கடந்த மூன்று ஆண்டுகளில் எல்லாக் காந்தங்களிலும் இதுபோல் வெப்பம் கூடிய தருணங்களை எல்லாம் கண்டுபிடி' என்றால்தான் மூச்சு வாங்கியது. 2008 விபத்து கற்பித்த பாடமோ, இந்த இரண்டாவது வகைக் கேள்விகள்தான் உயிரைக் காப்பவை என்பது.

கிராணியும் செக்ரோலும்

இது ஏன் கடினம் என்று மாணவர்களுக்குப் புரியவைக்க நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கோலலங்காட் வட்டாரத்தில் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழாத தமிழ்க் குடும்பம் குறைவு. செக்ரோல், கிராணி, பால் நிறுவை என்றால் பிள்ளைகள் வீட்டில் கேட்ட கதை நினைவுக்கு வரும்.

ஒரு ரப்பர் தோட்டம். மதியம் பால் எடுத்து வருபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கிராணி ஒவ்வொருவருடைய பாலையும் நிறுத்து, பெயருக்கு நேரே எழுதுகிறார். நாற்பது பேர் என்றால் சிக்கல் இல்லை. நானூறு பேர் என்றால்? இன்னும் வேகமாக எழுதும் கிராணியை வைக்கலாம். நாலாயிரம் பேர் என்றால்? எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் ஒரு மனிதரின் கைக்கு ஓர் எல்லை உண்டு. பெரிய, இன்னும் பெரிய கணினியாக வாங்கிக்கொண்டே போவதும் இப்படித்தான். ஒரு கட்டத்தில் விலை ஏறுமே தவிர வேகம் ஏறாது.

இன்னொரு வழி, டிவிஷனுக்கு ஒரு கிராணி வைப்பது. ஆள் கூடினால் இன்னொரு கிராணி, இன்னொரு மேசை. வேலையைப் பலரிடம் பிரித்துக் கொடுப்பதால் தோட்டம் எவ்வளவு வளர்ந்தாலும் முறை மாறாது. அளவுக்கேற்ப விரியும் அமைப்பு என்று கணினித் துறையில் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் பால் அளவு திடீரெனக் குறைந்த நாள்கள் எவை?' என்று பெரிய துரை கேட்கிறார். எல்லா டிவிஷன் புத்தகங்களையும் லோரியில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்து ஒருவர் உட்கார்ந்து பார்க்கலாம். அல்லது கேள்வியை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கிராணிக்கும் அனுப்பலாம். அவரவர் தம் புத்தகத்தைப் பார்த்து விடையை மட்டும் எழுதி அனுப்புவார்கள். ஆபீசில் அந்த விடைகளைத் தொகுத்தால் போதும். புத்தகங்கள் நகர வேண்டியதில்லை, கேள்வி நகர்ந்தால் போதும்.

புதிய கிடங்கு

செர்ன் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய புதிய பதிவு அமைப்பு இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. என்.எக்ஸ்.கால்ஸ் என்பது அதன் பெயர். 2022ஆம் ஆண்டு எல்.எச்.சி. தன் மூன்றாம் ஓட்டத்தைத் தொடங்கியபோது பழைய கிடங்கின் இடத்தை இது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். இதன் பாகங்களைப் பால் நிறுவைக் கொட்டகையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் காஃப்கா. கருவிகளில் இருந்து வரும் அளவீடுகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் மென்பொருள் இது. உள்ளே எழுதும் கிராணி சற்றுத் தாமதித்தாலும் வரிசையில் நிற்பவர் திரும்பிப் போய்விடுவதில்லை. கிடங்கு சிறிது நேரம் நின்றாலும் அளவீடு தொலையாது.

அடுத்தது ஹடூப். பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கிப் பல கணினிகளில் பிரித்து வைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகள். ஒரு கணினி பழுதானாலும் மற்ற இரண்டு பிரதிகள் இருக்கும். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங், தம் மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயரையே இதற்குச் சூட்டினார்.

புதிதாக வந்த அளவீடுகளை விரைவாக எடுத்துத் தர எச்பேஸ் இருக்கிறது. பழையவை நிரல் நிரலாகச் சுருக்கிச் சேமிக்கப்படுகின்றன. செக்ரோலில் பெயர், தேதி, எடை என்று வரிசையாக எழுதாமல், எடைகளை மட்டும் ஒரு தாளில் தொடர்ச்சியாக எழுதியதுபோல. எடை மட்டும் வேண்டும் என்பவர் பெயர்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக ஸ்பார்க். கேள்வியைத் துண்டுகளாக்கி, தரவு இருக்கும் கணினிகளுக்கே அனுப்பி, விடைகளைத் தொகுத்துத் தருவது இதன் வேலை.

இவை எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். யார் வேண்டுமானாலும் பணம் கொடுக்காமல் பதிவிறக்கலாம். படிவம் 6 மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் ஸ்பார்க்கை நிறுவி, செர்ன் பொறியாளர்கள் பயன்படுத்தும் அதே கட்டளைகளைப் பழகிப் பார்க்கலாம்.

தூசி விழுந்த கதை

இப்படிக் கேள்வி கேட்க முடிவதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டு. எல்.எச்.சி. ஓடத் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் கற்றையில் இருந்து துகள்கள் திடீரெனச் சிதறும் நிகழ்வுகள் தென்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது. சிதறல் அளவு மீறினால் பாதுகாப்பு அமைப்பு கற்றையை வெளியேற்றிவிடும். அதன்பிறகு புதிதாகக் கற்றையை நிரப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சில மணி நேரம் பிடிக்கும்.

வளையத்தைச் சுற்றிலும் ஏறத்தாழ 4,000 உணரிகள் இந்தச் சிதறல்களைப் பதிவு செய்துகொண்டிருக்கின்றன. அந்தப் பதிவுகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அலசியபோது ஒரு சித்திரம் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத தூசித் துணுக்குகள் கற்றைக் குழாய்க்குள் விழுந்து கற்றையோடு மோதுகின்றன. முடுக்கி தொடர்ந்து ஓட ஓட இந்த நிகழ்வுகள் குறைகின்றன. நீண்ட ஓய்வுக்குப் பின் மறுபடி கூடுகின்றன. எந்த அளவுச் சிதறலைப் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது கற்றையை வெளியேற்றியே ஆக வேண்டும் என்பதை இதைக்கொண்டு திருத்தி அமைத்தார்கள். ஒரு நாள் பதிவை மட்டும் பார்த்திருந்தால் இது விளங்கியிருக்காது.

வேறொரு சிறப்புப் பதிவும் உண்டு. கற்றை வெளியேற்றப்பட்ட கணத்தில் வளையத்தைச் சுற்றியுள்ள கருவிகள் அந்த நேரத்து அளவீடுகளை உறைய வைத்து ஒரே இடத்துக்கு அனுப்பும். கணினி அவற்றை ஆராய்ந்து, எல்லாம் சரியாக நடந்ததா என்று சொல்லும். சந்தேகம் இருந்தால் அடுத்த கற்றையை உள்ளே விடமாட்டார்கள். பிரேதப் பரிசோதனை என்றுதான் இதற்கு அங்கே பெயர்!

நம் பக்கத்துப் பங்கு

இதுவரை சொன்னது இயந்திரத்தைப் பற்றிய தரவு. புரோட்டான்கள் மோதிச் சிதறுவதைப் படம்பிடிக்கும் சோதனைக் கருவிகளின் தரவு தனிக்கதை. விநாடிக்கு ஏறத்தாழ 100 கோடி மோதல்கள் நடந்தாலும், அவற்றில் சில ஆயிரத்தை மட்டுமே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் செர்னின் வட்டுச் சேமிப்புக் கொள்ளளவு 2023ஆம் ஆண்டில் ஓர் எக்சாபைட்டைத் தாண்டியது. அதாவது 10 லட்சம் டெராபைட்.

இதை ஒரே நாட்டில் வைத்து அலச முடியாது. ஆகவே 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி மையங்கள் ஒரு வலையாகப் பகிர்ந்துகொள்கின்றன. இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் அந்த வலையில் உள்ளன. எல்.எச்.சி. வளையத்திலுள்ள சிறு திருத்தக் காந்தங்களில் பல, இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தின் வழியாக இந்தியாவிலிருந்து சென்றவை.

நம் நாடும் விலகி நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியத் துகள் இயற்பியல் மையம் இருக்கிறது. எல்.எச்.சி.யின் நான்கு பெரிய சோதனைகளில் ஒன்றான சி.எம்.எஸ். குழுவில் அந்தப் பல்கலைக்கழகம் பங்கேற்கிறது. ஜெஞ்சாரோமிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம்தான். அதுவும் தூரம் என்றால் இணையம் இருக்கிறது. சோதனைத் தரவின் ஒரு பகுதியை செர்ன் 2014 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான எளிய பயிற்சிகளும் அதில் உண்டு.

ஜெஞ்சாரோம் கற்ற பாடம்

'இதெல்லாம் எங்கோ நடப்பது டீச்சர்' என்று ஒரு மாணவி சொன்னாள். அப்போது 2018ஆம் ஆண்டை நினைவூட்டினேன். சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், அந்தக் கழிவில் பெரும்பங்கு நம் நாட்டுக்குத் திரும்பியது. ஜெஞ்சாரோமைச் சுற்றி உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது இருமிக்கொண்டு இருந்தார்கள். அவரவர் அதைத் தம் வீட்டுத் தொல்லை என்றே நினைத்தார்கள்.

ஊர் மக்களில் சிலர் ஒன்றுசேர்ந்து, புகை எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். இடங்களைக் குறித்தார்கள், படம் எடுத்தார்கள், தொகுத்துப் புகார் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் செய்தி வெளியுலகுக்குப் போனது. அதிகாரிகள் வந்தார்கள், ஆலைகள் மூடப்பட்டன. தனித்தனியே கிடந்தபோது வெறும் இருமலாக இருந்தது, ஒன்றாகச் சேர்த்துக் கேள்வி கேட்டபோது ஆதாரமானது.

செர்னில் நடந்ததும் இதுவே. 2008இல் அவர்களிடம் உணரிகள் இருந்தன, கணினிகள் இருந்தன, பதிவும் இருந்தது. எல்லா இணைப்புகளையும் பார்த்து 'எங்கேயாவது வெப்பம் கூடியிருக்கிறதா?' என்று வழக்கமாகக் கேட்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. இன்று அங்கே கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியிருப்பது வெறும் பெரிய பெட்டகம் அல்ல. எவரும், எத்தனை ஆண்டுத் தரவிடமும், களைக்காமல் கேள்வி கேட்க உதவும் வசதி.

இந்த வாரம் வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்தை வாசகர்களுக்கும் தருகிறேன். 220 நேனோ ஓம் இணைப்பில் மின்னோட்டம் 7,000இல் இருந்து 8,700 ஆம்பியருக்கு உயர்ந்தால் வெப்பம் எவ்வளவு? கணிப்பானில் 16.65 வாட் என்று வர வேண்டும். மின்னோட்டம் நான்கில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, வெப்பமோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. வர்க்கம் செய்யும் வேலை அது. தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் இந்தக் கணக்கை, முதல் சோதனை முடிந்த அன்றே யாராவது ஒருவர் போட்டுப் பார்த்திருந்தால் 53 காந்தங்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.